வாசகர் கேள்வி–பதில்: பெர்சிவல் எவரெட்டை இவ்வளவு நாள் ஏன் கண்டுகொள்ளவில்லை?

'ஜேம்ஸ்' நாவலுக்கு 2025இல் புலிட்சர் பரிசு கிடைத்ததிலிருந்து அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் பெர்சிவல் எவரெட்டைப் பற்றிக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இந்தப் பக்கங்களை முழுக்க அவருக்கே கொடுக்கிறேன். எனக்கு மிகவும் பிடித்த எழுத்தாளர். கொஞ்சம் நீட்டிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: 'ஜேம்ஸ்' வந்த பிறகுதான் இந்தப் பெயரையே கேள்விப்பட்டேன். புதிதாக எழுத வந்தவரா?

இல்லை. அவருடைய முதல் நாவல் 'சூடர்' 1983இல் வந்தது. சியாட்டில் மரினர்ஸ் அணியில் ஆடும் ஒரு பேஸ்பால் வீரன். ஆட்டம் கைவிட்டுப் போய்விட்டது, வீட்டிலும் நிம்மதி இல்லை. ஒரு சாக்ஸஃபோனையும் ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கரின் இசைத்தட்டையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான். கடைசியில் அவனுக்குப் பறக்க வேண்டும் என்ற ஆசையே வந்துவிடுகிறது. 'ஜேம்ஸ்' வந்தது 2024இல். நடுவில் நாற்பது வருடம். இருபதுக்கும் மேற்பட்ட நாவல்கள், அப்புறம் சிறுகதைகள், கவிதைகள்.

பிறந்தது 1956இல், ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு ராணுவ முகாமில். வளர்ந்தது தென் கரோலைனாவின் கொலம்பியா நகரத்தில். மயாமி பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தார், பிறகு பிரவுன் பல்கலைக்கழகத்தில் புனைகதை எழுத்து. பல வருடங்களாக லாஸ் ஏஞ்சல்ஸில் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். ஓவியம் வரைவார். குதிரையும் கோவேறு கழுதையும் பழக்கியிருக்கிறார். மனைவி டான்ஸி சென்னாவும் நாவலாசிரியர்தான்.

அந்த நாற்பது வருடத்தில் அவர் எழுதிய கதைகளைப் பாருங்கள். கிரேக்கப் புராணத்தின் மெடியாவை வைத்து ஒன்று, டயோனைசஸை வைத்து இன்னொன்று. கௌபாய் கதைகளின் பொய்யைத் தோலுரிக்கிற ஒரு கௌபாய் கதை. அபார மூளையோடு பிறந்து, பேச விருப்பமில்லாமல் எழுதிக் காட்டும் ஒரு கைக்குழந்தையின் கதை. 'நாட் சிட்னி' என்றே பெயர் வைக்கப்பட்ட, ஆனால் பார்ப்பதற்கு நடிகர் சிட்னி பாய்ட்டியேவைப் போலவே இருக்கும் ஒருவனின் கதை. இவை எல்லாவற்றையும் எழுதியவர் ஒரே ஆள்தான் என்று சொன்னால்தான் தெரியும்.

கேள்வி: அப்படியானால் ஏன் இவ்வளவு தாமதம்? நிறம் காரணமா, இல்லை எழுத்து கடினமா?

எழுத்து கடினம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில நாவல்கள் கடினமானவை, பல நாவல்களை ஒரே மூச்சில் படித்துவிடலாம். விமர்சகர்கள் ஒன்றுமே எழுதவில்லை என்பதும் சரியல்ல. மதிப்புரைகள் வந்தன, பெரும்பாலும் பாராட்டித்தான் வந்தன. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவரை விடாமல் படித்தார்கள். பிரான்சில் ஆக்ட் சூட் பதிப்பகம் தொடர்ந்து மொழிபெயர்த்து வெளியிட்டதால் அங்கே அவருக்கு நல்ல மதிப்பு இருந்தது. சொந்த நாட்டில் பொது வாசகர்களிடம்தான் அவர் போய்ச் சேரவில்லை.

இதற்கான காரணத்தை அவரே ஒரு காட்சியாக எழுதிவைத்திருக்கிறார். 2001இல் வந்த 'எரேஷர்' நாவலின் நாயகன் மங்க் எலிசன் ஒரு கறுப்பின எழுத்தாளர். கிரேக்க நாடகங்களை மறுஆக்கம் செய்து நாவல் எழுதுகிறவர். ஒரு பெரிய புத்தகக் கடைக்குப் போகிறார். இலக்கியப் பகுதியில் தேடினால் அவருடைய புத்தகங்கள் அங்கே இல்லை. கடைசியில் 'ஆப்பிரிக்க அமெரிக்கர் ஆய்வுகள்' என்ற அலமாரியில் இருக்கின்றன. அந்தப் புத்தகங்களில் கறுப்பினம் சம்பந்தப்பட்டதாக இருப்பது பின்னட்டையில் உள்ள அவருடைய புகைப்படம் மட்டும்தான். இலக்கியம் தேடி வருகிறவர் அந்த அலமாரிக்குப் போகமாட்டார். அந்த அலமாரிக்கு வருகிறவருக்குக் கிரேக்க நாடகம் தேவைப்படாது. ஆக, புத்தகம் இரண்டு பேரிடமும் போகாது. இந்த ஒரு பக்கத்தைப் படித்தாலே எவரெட்டின் நாற்பது வருடமும் புரிந்துவிடும்.

நிறம் காரணமா என்று கேட்டீர்கள். ஆம், அதுதான் பெரிய காரணம். ஆனால் அது வேலை செய்த விதத்தைக் கவனிக்க வேண்டும். கறுப்பினத்தவர் எழுதக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. கறுப்பினத்தவர் என்றால் இன்னதைத்தான் எழுதுவார் என்று எதிர்பார்த்தார்கள். எவரெட் அதைக் கொடுக்கவில்லை.

இன்னொரு காரணம் பதிப்பகம். 1990களின் கடைசியிலிருந்து 2022 வரை அவருடைய நாவல்களில் பெரும்பாலானவற்றை வெளியிட்டது மினியாபொலிஸில் உள்ள கிரேவுல்ஃப். லாபநோக்கம் இல்லாத சிறிய பதிப்பகம். விளம்பரத்துக்குக் கொட்ட அவர்களிடம் பணம் கிடையாது. ஆனால் ஃபியோனா மெக்ரே என்ற ஆசிரியர் வருடக்கணக்காக அவரோடு நின்றார். போன புத்தகம் மாதிரியே இன்னொன்று வேண்டும் என்று நெருக்கும் பெரிய பதிப்பகத்தில் இருந்திருந்தால் இத்தனை விதமான நாவல்கள் வந்திருக்குமா? வந்திருக்காது என்றே நினைக்கிறேன். இங்கிலாந்திலும் 'தி ட்ரீஸ்' நாவலை இன்ஃப்ளக்ஸ் என்ற சின்னஞ்சிறு பதிப்பகம் போட்டுத்தான் அது 2022இல் புக்கர் இறுதிப் பட்டியல் வரை போனது. அந்த வருடம் பரிசு இலங்கையின் ஷெஹான் கருணாதிலகவுக்குப் போயிற்று.

கேள்வி: 'அமெரிக்கன் ஃபிக்‌ஷன்' படம் பார்த்தேன். பார்த்த பிறகு 'எரேஷர்' படிக்க வேண்டுமா?

கட்டாயம் படியுங்கள். 'எரேஷர்' நாவலைத் தழுவி கோர்ட் ஜெஃபர்சன் இயக்கிய முதல் படம் அது. 2024இல் சிறந்த தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் வாங்கியது. ஜெஃப்ரி ரைட் மங்க் ஆகவே வாழ்ந்திருக்கிறார். நல்ல படம்தான். ஆனால் நாவல் நம்மைச் சும்மா விடாது.

கதை உங்களுக்குத் தெரியும். தன் நாவல்கள் விற்காத எரிச்சலில், சேரி, துப்பாக்கி, கொச்சை மொழி எல்லாம் கலந்து ஒரு மட்டமான நாவலைப் புனைபெயரில் எழுதுகிறார் மங்க். கேலிக்கு எழுதியதை உலகம் உண்மை வாழ்க்கை என்று கொண்டாடுகிறது. படத்தில் அந்தப் போலி நாவலிலிருந்து ஒரு சிறு காட்சியைத்தான் காட்டுகிறார்கள். எவரெட்டோ அந்தப் போலி நாவல் முழுவதையும் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறார். பக்கம் பக்கமாக ஓடுகிறது. முதலில் சிரிப்போம். போகப் போக, கதை அடுத்து என்னவாகும் என்ற ஆர்வம் நமக்கே வந்துவிடும். மங்க் யாரைக் கோபிக்கிறாரோ அந்த வாசகர் நாமும்தான் என்று அப்போதுதான் உறைக்கிறது. இந்த அனுபவம் படத்தில் இல்லை. இருக்கவும் முடியாது என்று தோன்றுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. மறதி நோயால் கரைந்துகொண்டிருக்கும் அம்மாவைப் பற்றிய பகுதிகள் நாவலில் மிக அமைதியாக எழுதப்பட்டவை. புத்தகத்தைக் கிண்டல் நாவல் என்று மட்டும் சுருக்கிச் சொன்ன பல மதிப்புரைகள் அந்தப் பகுதிகளைத் தாண்டிப் போய்விட்டன. எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம் உண்டு.

கேள்வி: 'தி ட்ரீஸ்' படிக்கும்போது சிரித்துவிட்டேன். கும்பல் கொலைகளைப் பற்றிய நாவலில் சிரிப்பது தப்பில்லையா?

இந்த மாதம் வந்த கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான்.

பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1955 ஆகஸ்டில், மிசிசிப்பி மாநிலத்தின் மனி என்ற சிற்றூரில், எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான் என்று சொல்லிக் கடத்திக் கொல்லப்பட்டான். வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலையாளிகள் இருவரையும் விடுவித்தது. அடுத்த வருடமே அந்த இருவரும் 'லுக்' பத்திரிகையிடம் கொலையை ஒப்புக்கொண்டார்கள். ஒரே குற்றத்துக்கு இரண்டாவது முறை விசாரணை கிடையாது என்பதால் யாரும் அவர்களைத் தொட முடியவில்லை.

எவரெட்டின் நாவல் அதே ஊரில், நம் காலத்தில் நடக்கிறது. அந்தக் கொலையாளிகளின் வாரிசுகள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஒவ்வொரு பிணத்தின் பக்கத்திலும் எம்மெட் டில்லைப் போன்ற ஒரு கறுப்பு உடல் கிடக்கிறது, பிறகு காணாமல் போய்விடுகிறது. விசாரிக்க வரும் இரண்டு கறுப்பினத் துப்பறிவாளர்களின் பேச்சு அவ்வளவு வேடிக்கையாக இருக்கும். அந்த ஊர் வெள்ளையர்களின் பெயர்களும் பேச்சும்கூடக் கேலிச்சித்திரம்தான்.

நீங்கள் சிரித்ததில் தப்பே இல்லை. அந்தச் சிரிப்பை எங்கே நிறுத்துகிறார் என்று பாருங்கள். கும்பல் கொலையில் இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்பு வைத்து, வாழ்நாள் முழுவதும் ஆவணம் சேர்த்துவரும் மாமா ஸீ (ஆங்கிலத்தில் 'மாமா' என்றால் அம்மா) என்ற மூதாட்டி கதையில் வருகிறார். அந்தக் கோப்புகளைப் பார்க்க வரும் ஒரு பேராசிரியர் பென்சிலை எடுத்து, இறந்தவர்களின் பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதத் தொடங்குகிறார். ஏன் பென்சில் என்று கேட்கிறார்கள். எல்லாப் பெயர்களையும் எழுதி முடித்ததும் அழித்துவிடப் போகிறேன், அப்போது அவர்களுக்கு விடுதலை என்கிறார். பிறகு ஒரு அத்தியாயம் முழுக்கப் பெயர்கள் மட்டுமே. அங்கே சிரிப்பு நின்றுவிடும். அதற்கு முன்னால் சிரித்த ஒவ்வொரு சிரிப்பும் அந்தப் பெயர்களின் எடையைக் கூட்டுகிறது. அழுகையோடு தொடங்கி அழுகையோடு முடிகிற நாவலாக இருந்திருந்தால் அந்தப் பக்கங்களை நாம் மரியாதையோடு புரட்டிவிட்டுப் போயிருப்போம். என் கணக்கில் அவர் எழுதியவற்றில் மிகச் சிறந்தது 'ஜேம்ஸ்' அல்ல, இதுதான்.

கேள்வி: 'ஜேம்ஸ்' மார்க் ட்வைனின் கதையைத் திருப்பிச் சொல்வதுதானே? இதற்கா இவ்வளவு பரிசு?

ட்வைனின் 'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலில் சிறுவன் ஹக் கதை சொல்கிறான். தப்பியோடும் அடிமை ஜிம் அவனோடு தெப்பத்தில் மிசிசிப்பி ஆற்றில் போகிறான். எவரெட் கதை சொல்லும் உரிமையை ஜிம்மிடம் கொடுக்கிறார். இவ்வளவுதான் என்றால் நீங்கள் கேட்பது நியாயம். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை.

ஆரம்பத்திலேயே ஒரு காட்சி வருகிறது. ஜிம் இரவில் அடிமைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறான். வெள்ளைக்காரர்கள் முன்னால் எப்படித் தப்பும் தவறுமாகப் பேச வேண்டும் என்பதுதான் பாடம். தங்களுக்குள் அவர்கள் எல்லோரும் சுத்தமான ஆங்கிலம் பேசுகிறவர்கள். ஒரு வெள்ளைக்கார அம்மாவின் சமையலறை தீப்பிடித்துவிட்டது, அவள் வீட்டுக்கு முதுகைக் காட்டி முற்றத்தில் நிற்கிறாள், கவனிக்கவில்லை. நீ என்ன சொல்வாய் என்று கேட்கிறான். ஒரு குழந்தை நேராகத் தீ என்று கத்திவிடுகிறது. கிட்டத்தட்டச் சரி, ஆனால் முழுக்கச் சரியில்லை என்கிறான் ஜிம். ஐயோ அம்மா, அங்கே பாருங்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஆபத்துக்குப் பெயர் சொல்லும் வேலையை அவளுக்கே விட்டுவிட வேண்டும். எதையும் முதலில் தெரிந்துகொண்டவர்கள் தாங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய எதிர்பார்ப்பு. வீடு பற்றி எரியும்போதுகூட முதலாளியின் அகம்பாவம் காயப்படாமல் பார்த்துக்கொள்ளக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. அடிமைமுறையைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இதைப் போல எதுவும் என்னைத் தூக்கிவாரிப் போட்டதில்லை.

கதையையும் பெரிதாக மாற்றியிருக்கிறார். காலத்தை உள்நாட்டுப் போர் தொடங்கும் நேரத்துக்குக் கொண்டுவருகிறார். ட்வைனின் நாவலில் பலருக்கும் உறுத்தலாக இருக்கும் கடைசிப் பகுதி, ஹக்கின் நண்பன் டாம் சாயர் வந்து ஜிம்மை வைத்து விடுதலை விளையாட்டு விளையாடுவது, இதில் அறவே கிடையாது. ஜிம்முக்காக ஒரு அடிமை தன் முதலாளியிடமிருந்து ஒரு துண்டுப் பென்சிலைத் திருடிக் கொடுக்கிறான். அந்தத் துண்டுப் பென்சிலுக்காக அவனைக் கொன்றுவிடுகிறார்கள். ஜிம் தன் கதையை எழுதுவது அந்தப் பென்சிலால்தான். 'தி ட்ரீஸ்' படித்தவர்களுக்கு அந்த இடத்தில் பேராசிரியரின் பென்சில் ஞாபகம் வராமல் இருக்காது.

ட்வைனைத் திருத்துவதற்காக எழுதவில்லை, அவர் எழுதியிருக்க முடியாததை எழுதினேன் என்பதே எவரெட்டின் நிலைப்பாடு. எழுத ஆரம்பிக்கும் முன் அந்த நாவலைப் பதினைந்து முறை தொடர்ந்து படித்ததாகச் சொல்லியிருக்கிறார். ட்வைனோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட நரகத்துக்குப் போகவும் தயார் என்ற மாதிரி ஒரு வரி நன்றியுரையில் இருக்கிறது. வெறுப்பிலிருந்து வந்த புத்தகம் அல்ல இது.

கேள்வி: புலிட்சர் நடுவர்கள் 'ஜேம்ஸ்' நாவலைத் தேர்ந்தெடுக்கவே இல்லை என்கிறார்களே?

நடந்தது இதுதான். புலிட்சரில் நடுவர் குழு மூன்று புத்தகங்களை முன்வைக்கும், இறுதி முடிவு வாரியத்துடையது. 2025இல் முன்வைத்த மூன்றில் எதற்கும் வாரியத்தில் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அதனால் நான்காவதாக 'ஜேம்ஸ்' எடுத்துக்கொள்ளப்பட்டது. விதிப்படி இதற்கு இடம் உண்டு. அதற்கு முன்பே 2024 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் புத்தக விருதும், அதே வருடம் கிர்கஸ் பரிசும் 'ஜேம்ஸ்' வாங்கிவிட்டது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த மூன்றில் ஒன்று கெய்ல் ஜோன்ஸ் எழுதியது. எவரெட்டைப் போலவே பல வருடம் பேசப்படாமல் இருந்த பெரிய எழுத்தாளர் அவர். அவருக்கு அந்த வருடம் கொடுத்திருக்கலாம். எவரெட்டுக்கு 2021இலேயே கொடுத்திருக்கலாம். 'டெலிஃபோன்' அப்போது இறுதிப் பட்டியலில் இருந்தது.

கேள்வி: 'டெலிஃபோன்' நாவலுக்கு மூன்று முடிவுகள் உண்டாமே, நிஜமா?

நிஜம்தான். 2020இல் அந்த நாவலை ஒரே பெயரில் மூன்று வடிவங்களில் அச்சிட்டார்கள். முதலில் யாரிடமும் சொல்லவில்லை. அட்டையில் மிகச் சின்ன வித்தியாசம்தான். தீராத நோயால் மகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு நிலவியல் பேராசிரியரின் கதை. இணையத்தில் வாங்கிய ஒரு ஜாக்கெட்டின் பையில், உதவி கேட்டு ஸ்பானிஷில் எழுதிய சீட்டு ஒன்று அவருக்குக் கிடைக்கிறது. மகளைக் காப்பாற்ற முடியாதவர், முன்பின் தெரியாத யாரையாவது காப்பாற்றக் கிளம்புகிறார்.

நானும் ஒரு நண்பரும் இந்த நாவலைப் பற்றி வெகுநேரம் வாதாடினோம். அவர் சொன்ன முடிவு என் பிரதியில் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இதை வெறும் வித்தை என்று சில விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மகளை இழக்கும் தகப்பன், வேறு மாதிரி நடந்திருக்கக் கூடாதா என்றுதானே ஓயாமல் நினைப்பான்?

கேள்வி: எவரெட் அரசியல் எழுத்தாளரா?

அரசியல் இல்லாத பக்கமே அவரிடம் குறைவு. 1989இல் தென் கரோலைனா சட்டமன்றத்தில் பேச அவரை அழைத்திருந்தார்கள். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட கான்ஃபெடரேட் படையின் கொடி அங்கே பறந்துகொண்டிருந்தது. அது இருக்கும் இடத்தில் பேச்சைத் தொடர முடியாது என்று நிறுத்திவிட்டார்.

அப்புறம் 1990களில் அதையே ஒரு சிறுகதையாக எழுதினார். டேனியல் என்ற கறுப்பின இளைஞன் கொலம்பியாவில் ஒரு மதுக்கடையில் கிட்டார் வாசிக்கிறான். வெள்ளைக்காரப் பையன்கள் சீண்டுவதற்காக 'டிக்ஸி' பாட்டைப் பாடச் சொல்கிறார்கள். கான்ஃபெடரேட் ஆட்களின் பாட்டு அது. டேனியல் கோபப்படவில்லை. அந்தப் பாட்டை நிதானமாக, உண்மையான உணர்ச்சியோடு, தன் சொந்த மண்ணின் பாட்டாகவே பாடிவிடுகிறான். கேட்டவர்களால் வாய் திறக்க முடியவில்லை. பிறகு அந்தக் கொடி ஒட்டிய ஒரு வண்டியை விலைக்கு வாங்கி, கொடியையும் தன்னுடையதாக்கிக்கொள்கிறான். ஊரில் மற்றக் கறுப்பினத்தவரும் அதையே செய்ய, சட்டமன்றத்திலிருந்து ஒருநாள் கொடி காணாமல் போகிறது. நிஜ வாழ்க்கையில் அந்தக் கொடி சட்டமன்ற வளாகத்தை விட்டு முழுதாக இறங்க 2015 ஆயிற்று.

'டிக்ஸி' பாட்டை இயற்றியவர் என்று சொல்லப்படும் டேனியல் எம்மெட்டும் அவருடைய பாட்டுக் குழுவும் 'ஜேம்ஸ்' நாவலில் பாத்திரங்களாகவே வருகிறார்கள். கறுப்பினத்தவராக வேடம் கட்டக் கறுப்பு மை பூசிய வெள்ளையர்களுக்கு நடுவே ஜிம்மும் முகத்தில் மை பூசிக்கொண்டு பாட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் பார்க்கும்போது, 'ஜேம்ஸ்' எழுதி அவர் மாறிவிட்டார், எல்லோருக்கும் பிடிக்கிற மாதிரி எழுதத் தொடங்கிவிட்டார் என்ற பேச்சை என்னால் ஏற்க முடிவதில்லை. அவர் முப்பது வருடமாக ஒரே விஷயத்தைத்தான் தோண்டிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி: நானும் எழுதுகிறேன். என் புத்தகங்களை யாரும் கவனிக்கவில்லை. எவரெட்டைப் போலக் காத்திருந்தால் ஒருநாள் நடக்குமா?

நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது, பொய்யாக ஆறுதல் சொல்லவும் விருப்பமில்லை. அவருக்குப் பல்கலைக்கழகச் சம்பளம் இருந்தது. விற்பனையை நம்பிக் குடும்பம் நடத்த வேண்டிய நிலை இல்லை. அவரை நம்பிய ஒரு பதிப்பாசிரியரும் இருந்தார். முடிந்தால் இந்த இரண்டையும் தேடிக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவர் பரிசுக்காகக் காத்திருந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஒரு நாவல் முடிந்ததும் அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொன்றில் இறங்கிவிடுவார். அந்த வேலை அவருக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: உங்கள் பதில்களில் குறையே சொல்வதில்லையே. எவரெட்டிடம் குறைகளே கிடையாதா?

உண்டு. 'ஜேம்ஸ்' நாவலில் மனைவி சேடியையும் மகள் லிஸ்ஸியையும் மீட்பதற்காகத்தான் ஜிம் இத்தனை பாடுபடுகிறான். ஆனால் அந்த இருவரும் நமக்கு ஆட்களாகத் தெரிவதே இல்லை. அவனுடைய ஏக்கத்தின் பெயர்களாகவே நின்றுவிடுகிறார்கள். கனவில் வால்டேர், ஜான் லாக் என்ற ஐரோப்பியத் தத்துவவாதிகள் வந்து அவனோடு விவாதிக்க இடம் இருக்கிற நாவலில், சேடி நான்கு வார்த்தை கூடுதலாகப் பேச இடம் இருந்திருக்க வேண்டும். ஆரம்பகால நாவல்கள் சிலவற்றிலும் பெண்கள் இப்படித்தான் ஓரமாக நிற்கிறார்கள். 'தி ட்ரீஸ்' நாவலின் மாமா ஸீ இதற்கு நல்ல விதிவிலக்கு. அவரைப் போல இன்னும் நான்கைந்து பேரை எவரெட் எழுத வேண்டும் என்று எனக்கு ஆசை.

எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்று கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முதலில் 'எரேஷர்', அடுத்து 'தி ட்ரீஸ்', பிறகு 'ஜேம்ஸ்'. 'டெலிஃபோன்' வாங்குவதானால் கூடவே ஒரு நண்பரையும் வாங்கச் சொல்லுங்கள்.